கம்பியைப் பிடித்திருந்த கொடி

போன வருடம் ஜூன் கடைசியில் ஒரு வாரம் விடாமல் சாரல். அந்த மாதிரி வாரத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை வைத்திருப்பவனுக்கு நிம்மதியான தூக்கம் கிடையாது. அடிச்சாம்பல் நோய் ஏறிவிடுமோ என்று இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சாரல் கொஞ்சம் விட்ட நேரத்தில் மருந்தடிக்க பைப்பை இழுத்துக்கொண்டு பந்தலுக்குள் போனேன். எங்கோ மாட்டியது. வெடுக்கென்று இழுத்தேன், வந்துவிட்டது. அதோடு மறந்தும் போனேன்.

இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தேன். ஒரு கொடி, தண்டோடு சேரும் இடத்தில் முறிந்திருந்தது. பட்டை மட்டும் நூல் அளவுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. வெயில் காலமாக இருந்தால் மத்தியானத்துக்குள் இலை தொங்கிப் போயிருக்கும். சாரலும் மேகமுமாக இருந்ததால் இலை இன்னும் பச்சையாகவே இருந்தது. மூன்று குலை, மிளகு அளவுப் பிஞ்சோடு அப்படியே தொங்கின. பற்றுக்கம்பிகள் பந்தல் கம்பியை இறுக்கிச் சுற்றியிருந்ததால் கொடி கீழேயும் விழவில்லை. பக்கத்தில் இருந்த நல்ல கொடிக்கும் இதற்கும் கீழே நின்று பார்க்கிற யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

அதைக் கையில் பிடித்தபடி ரொம்ப நேரம் நின்றேன். சட்டை நனைந்துகொண்டிருந்தது. செடியை விட்டுப்போன கொடி கம்பியைப் பிடித்துக்கொண்டு பச்சையாக நிற்கிறது. பல வருடம் நான் இருந்த இருப்பு அதுதான். இதை எப்போதாவது எழுத வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். எழுத ஒரு வருடம் ஆகிவிட்டது.

எங்கள் தோட்டம் கூடலூருக்கும் கம்பத்துக்கும் நடுவில், ஒரு ஏக்கர் இருபது சென்ட். எல்லாம் பன்னீர் திராட்சை. 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தக் கறுப்புப் பழம்தான். அப்பா 1978-இல் கல்கால் நட்டு, கம்பி இழுத்துப் பந்தல் போட்டார். ஐந்தரை அடி உயரம்தான் வைத்தார். அவருக்கு அது போதும். நான் அவரைவிட உயரம். பந்தலுக்குள் நுழைந்தால் வெளியே வரும்வரை தலையைக் குனிந்தேதான் இருக்க வேண்டும். கழுத்து வலி வரும்போதெல்லாம் பந்தலை உயர்த்திக் கட்ட வேண்டும் என்று நினைப்பேன், இதுவரை கட்டவில்லை. இனிமேல் கட்டப் போவதும் இல்லை.

அப்பா போன பிறகு தோட்டம் என் கைக்கு வந்தது. நன்றாகவே செய்தேன். சொட்டுநீர் போட்டேன், ஆழ்துளைக் கிணறு எடுத்தேன், எந்தக் கொடியில் எத்தனை துளிர்க்கண் விட்டு வெட்ட வேண்டும் என்று துல்லியமாகத் தெரிந்துகொண்டேன். சுற்றுவட்டாரத்தில் புதிதாகத் திராட்சை வைத்தவர்கள் என்னிடம் வந்து கேட்டுப் போவார்கள். சபையிலும் அப்படித்தான். ஒன்பது வருடம் சபைச் செயலாளர். போதகர் ஐயா வெளியூர் போனால் பிரசங்கம் நான்தான். அறுப்பின் பண்டிகை ஏலத்தை நடத்துவது, கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டுவது, எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட வேண்டும் என்று நானும் எதிர்பார்ப்பேன்.

யோவான் 15-ஆம் அதிகாரத்தில் நான் எத்தனை தடவை பிரசங்கம் பண்ணியிருப்பேன் என்று கணக்கே இல்லை. திராட்சைக்காரன் அதைச் சொன்னால் ஜனங்களுக்குப் பிடிக்கும். "நானே திராட்சச்செடி, நீங்கள் கொடிகள்" என்று ஆரம்பித்து, கவாத்து எப்படிப் பண்ணுவோம், வெட்டின இடத்திலிருந்து எப்படி நீர் சொட்டும் என்று விளக்குவேன். கூட்டம் அசையாமல் கேட்கும். "என்னையல்லாமல் உங்களால் ஒன்றும் செய்யக்கூடாது" என்ற இடத்துக்கு வரும்போது குரலைத் தாழ்த்துவேன். எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்பது எனக்குப் பழகிப்போயிருந்தது. ஆராதனை முடிந்து வாசலில் கை குலுக்கும்போது, "அண்ணே, இன்னைக்கு நல்லா இருந்துச்சு" என்பார்கள். வீட்டுக்குப் போய் மத்தியானச் சோறு சாப்பிடும்போது அதை மனைவியிடம் சொல்வேன். சாயங்காலம் தொலைபேசியில் தங்கச்சியிடமும் சொல்வேன்.

பெருமை என்றால் அது என்னவோ கொழுப்பு எடுத்தவர்களுக்கு வருவது என்றுதான் அப்போது நினைத்தேன். நான் யாரையும் அதட்டியதில்லை. வேலைக்கு வரும் ஆட்களுக்குக் கூலியை அன்றன்றைக்கே கொடுத்துவிடுவேன். ஏழைக்கு இல்லை என்று சொன்னதில்லை. இவ்வளவு நல்லவனாக இருக்கிறவனுக்குத் தாழ்மை இல்லை என்று யார்தான் சொல்ல முடியும்?

இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எங்கள் சபையில் மாதம் ஒரு முறை திருவிருந்து. அதற்கான திராட்சரசத்தைக் கடையில் வாங்குவதில்லை. பழத்தை லேசாகக் காய்ச்சி, பிசைந்து, துணியில் வடிகட்டி வீட்டிலேயே எடுப்போம். அப்பா காலத்திலிருந்து பழம் எங்கள் தோட்டத்துப் பழம். பள்ளத்தாக்கில் வருடம் முழுக்க எங்காவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். எங்கள் தோட்டத்தில் அறுப்பு இல்லாத மாதங்களில்கூட, நான் பக்கத்துத் தோட்டத்தில் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அது எங்கள் வீட்டு உரிமை என்றே நினைத்திருந்தேன்.

2017 என்று ஞாபகம். ஒரு மாதம் நான் பழத்தோடு சனிக்கிழமை சாயங்காலம் போதகர் வீட்டுக்குப் போனால், அடுப்பில் ஏற்கெனவே ரசம் காய்ந்துகொண்டிருக்கிறது. "பெரியம்மா கொண்டுவந்து கொடுத்தாங்க" என்றார் போதகரம்மா. எங்கள் தெருக்கோடியில் தனியாக இருக்கும் ஒரு விதவை. அவர் வீட்டு வாசலில் நாலு மூங்கில் நட்டு, மேலே ஒரே ஒரு திராட்சைக்கொடி படர்ந்திருக்கும். காய்க்கும்போது எட்டுக் குலை, பத்துக் குலை காய்க்கும். அதை ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு நடந்தே வந்திருக்கிறார்.

"ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சந்தோஷம் இல்லை. என் பழத்தைத் திரும்ப வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். மறுநாள் அப்பமும் ரசமும் வாங்கும்போது இது என் பழமில்லை என்ற நினைப்பு ஒன்றுதான் மனதில் இருந்தது. ஆண்டவருடைய பந்தியில் முழங்காலிட்டுக்கொண்டு, யாருடைய பழம் என்று கணக்குப் பார்த்தேன். ஒரு வாரம் முழுக்க அது உறுத்தியது. பெரியம்மா எதிரே வந்தபோது, "அடுத்த தடவை சொல்லிட்டுக் கொடுங்க பெரியம்மா, ரெண்டு பேரும் கொண்டுபோனா வீணாப் போகுதுல்ல" என்று ஒழுங்கான யோசனை மாதிரி சொன்னேன். அவர் முகம் சின்னதாகிவிட்டது. "சரி தம்பி" என்றார். அதன் பிறகு அவர் கொண்டுவரவில்லை.

நான் சபையில் முன்பைவிட அதிகம் ஜெபித்தேன், அதிகம் கொடுத்தேன், அதிகம் ஓடினேன். தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு ஆண்டவரோடு பேசியது கடைசியாக எப்போது என்று அந்த வருடம் யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. யாரும் கேட்கவில்லை. இலை பச்சையாக இருந்தது.

வேதத்தில் உசியா ராஜாவைப் பற்றிப் படிக்கும்போது இப்போதெல்லாம் என் கை நின்றுவிடுகிறது. பதினாறு வயதில் ராஜாவானவன், 52 வருடம் ஆட்சி செய்தவன். துரவுகள் வெட்டினான், கோபுரங்கள் கட்டினான், மலைகளில் அவனுக்குத் திராட்சத்தோட்டக்காரர்கள் இருந்தார்கள். நிலத்தின் மேல் அவனுக்கு அவ்வளவு ஆசை. தேவனைத் தேடின நாளெல்லாம் காரியம் வாய்த்தது. பிறகு, பலப்பட்ட பிறகு, மனம் மேட்டிமையாகி, ஆசாரியன் மட்டும் செய்ய வேண்டிய தூபங்காட்டுதலைத் தானே செய்யப் போனான். நெற்றியில் குஷ்டம் தோன்றியது. சாகும்வரை தனி வீட்டில் இருந்தான். 2 நாளாகமம் 26-ஆம் அதிகாரம். பலவீனமாக இருந்தபோது அவன் விழவில்லை. எதிரிகளோடு போர் நடந்தபோதும் விழவில்லை. எல்லாம் நன்றாக நடந்துகொண்டிருந்தபோதுதான் விழுந்தான். எனக்கும் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இல்லாத வருடங்களில் ஜெபம் இருந்தது. தண்ணீர் வந்த பிறகு நின்றது.

2020 மார்ச்சில் என் பழம் அறுப்புக்கு நின்றது. டிசம்பரில் கவாத்து பண்ணினது. கவாத்திலிருந்து அறுப்புக்கு நாலு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு டன் வரும் என்று மதிப்பிட்டிருந்தேன். எங்கள் பழத்தில் பெரும்பகுதி குமுளி வழியாகக் கேரளாவுக்குத்தான் போகும். 24-ஆம் தேதி ராத்திரி ஊரடங்கு அறிவித்தார்கள். பழம் வாங்கும் வியாபாரி இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்து, "எங்கண்ணே கொண்டுபோய் விக்கிறது, நீங்களே சொல்லுங்க" என்றார். அவர் மேல் தப்பில்லை. பள்ளத்தாக்கு முழுக்க அதே கதைதான். பழம் கொடியிலேயே கனிந்து, வெடித்து, குளவி மொய்த்து, தரையில் சொட்டியது. பந்தலுக்குள் நுழைந்தால் புளித்த வாசம். தெருவில் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தோம். வாங்கிப் போனவர்களும் எத்தனை கிலோதான் தின்பார்கள்?

அந்த நாட்களில் ஒரு ராத்திரி. மனைவி தூங்கிவிட்டாள். நான் எழுந்து நடுவீட்டில் முழங்கால் போட்டேன். ஜெபிக்கத்தான் போட்டேன். வாயைத் திறந்தால், "எங்கள் பரம பிதாவே, இந்த நல்ல நாளுக்காக உம்மைத் துதிக்கிறோம், இங்கே கூடிவந்திருக்கிற ஒவ்வொரு குடும்பத்தையும்" என்று வந்தது.

கூடிவந்திருக்கிற குடும்பம் எதுவும் இல்லை. ராத்திரி ஒன்றரை மணி. நான் ஒருவன்தான் இருந்தேன். நிறுத்திவிட்டு வேறு மாதிரி ஆரம்பித்துப் பார்த்தேன். மறுபடியும் "உமது ஊழியக்காரர்களை" என்று அதே தடத்தில்தான் போனது. எனக்கென்று ஆண்டவரிடம் பேச ஒரு வார்த்தைகூட என்னிடம் இல்லை என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன். பழம் போனதைவிட அது பயமாக இருந்தது. ஐம்பத்து மூன்று வயதில், ஆயிரம் பேருக்கு முன்னால் ஜெபிக்கத் தெரிந்தவன், தனியறையில் ஊமையாகிவிட்டேன். கடைசியில், இயேசு சொன்ன உவமையில் வரும் ஆயக்காரன், அந்த வரி வசூலிக்கிறவன், ஜெபித்ததைச் சொன்னேன். "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." அதற்கு மேல் வரவில்லை. அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு அங்கேயே படுத்துவிட்டேன்.

மனம் திரும்பிவிட்டது, எல்லாம் சரியாகிவிட்டது என்று இந்த இடத்தில் கதையை முடித்துவிடலாம். ஆனால் அப்படி நடக்கவில்லை. ஜெபத்தில் தாழ்த்துவது ஒரு மாதிரி. தெருவில் தாழ்வது வேறு.

மே மாதம் சபையில் கஷ்டப்படுகிற குடும்பங்களுக்கு அரிசி கொடுக்கத் தீர்மானித்தார்கள். பத்துக் கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய். பட்டியல் எழுத வேண்டியது செயலாளர், அதாவது நான். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். 43 குடும்பம். எழுதி முடித்து மனைவியிடம் வாசித்துக் காட்டினேன், யாராவது விட்டுப்போயிருக்கிறதா என்று கேட்க.

"நம்ம பேரையும் எழுதுங்க" என்றாள்.

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் விளையாடவில்லை. நகையெல்லாம் கவாத்துச் செலவுக்கும் மருந்துக்கும் அடகில் இருந்தது. மகனுக்குக் கோயம்புத்தூரில் சம்பளம் பாதியாகிவிட்டது, அவனிடம் கேட்க முடியாது. அரிசிப் பானையில் எவ்வளவு இருக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது. நான் பார்த்ததே இல்லை. "நாம எப்படி வாங்குறது, நாமதானே கொடுக்கணும்" என்றேன். அவள் பதில் பேசவில்லை. பேனாவை என் கையிலிருந்து வாங்கி, 44 என்று போட்டு என் பெயரை எழுதினாள். அவளுடைய கையெழுத்து கொஞ்சம் சாய்வாக இருக்கும். அந்த ஒரு வரி மட்டும் பட்டியலில் தனியாகத் தெரிந்தது.

சனிக்கிழமை காலை கோயில் வளாகத்தில் வரிசை. வட்டம் போட்டு இடைவெளி விட்டு நிற்க வைத்திருந்தார்கள். மனைவி போகிறேன் என்றாள். பேர் என் பேர், நானே போகிறேன் என்று போனேன். போய் வரிசையில் நின்றேன். என்னைப் பார்த்தவர்கள் மேற்பார்வைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து, "முன்னாடி வாங்கண்ணே" என்றார்கள். இல்லை, வாங்கத்தான் வந்தேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. இதை மூன்று பேரிடம் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் குரல் எங்கோ போய்த் திரும்பி வந்தது. எனக்கு இரண்டு வட்டம் முன்னால் அந்தப் பெரியம்மா நின்றிருந்தார். திரும்பிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. தன் பையை வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றார். நான் வாங்கி வந்ததும், "வெயில் ஏறுறதுக்குள்ள வீட்டுக்குப் போ தம்பி" என்று சொல்லிவிட்டு நடந்தார். மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தேன். அவர் பையை நான் தூக்கி வருகிறேன் என்று கேட்கக்கூட அன்றைக்குத் தோன்றவில்லை. என் மூட்டையே அவ்வளவு கனமாக இருந்தது.

கொடுப்பதில் இருக்கிற மேட்டிமை அதுவரை எனக்குத் தெரியாது. கொடுக்கிறவன் எப்போதும் ஒரு படி மேலேதான் நிற்கிறான், அவன் நல்ல மனதோடு கொடுத்தாலும். வாங்குகிற இடத்துக்கு இறங்கி வந்தால்தான் அந்தப் படி கண்ணுக்குத் தெரிகிறது. கிருபை, கிருபை என்று எத்தனை வருடம் பேசினேன். கிருபை என்பது இலவசமாக வாங்குவது. அரிசியை வாங்கக் கை நீளாதவன் கிருபையை எப்படி வாங்கியிருப்பான் என்று அந்த ராத்திரி யோசித்தேன். வாங்கவில்லை என்றுதான் தோன்றியது. நல்லவனாக நடந்து, அதற்குக் கூலியாகக் கிருபை வருகிறது என்று உள்ளுக்குள் நம்பியிருந்திருக்கிறேன்.

பள்ளத்தாக்குக்காரனுக்கு இது இவ்வளவு தாமதமாகப் புரிந்திருக்கக் கூடாது. நாங்கள் குடிக்கிற தண்ணீரே எங்களுடையது இல்லை. பெரியாறு மேற்கே ஓடிக் கடலில் சேர வேண்டிய ஆறு. 1895-இல் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை அதை மறித்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்புகிறது. மலைக்கு அந்தப் பக்கம் பெய்கிற மழையில்தான் இந்தப் பக்கம் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. எங்கள் கிணறுகளில் ஊறுவதும் அதுதான். காலையில் பேப்பரைப் பிரித்தால் முதலில் பார்ப்பது அணையின் நீர்மட்டம். 130 அடியைத் தாண்டிவிட்டதா, 142-க்கு வருமா என்று. ஜனவரி 15 பென்னிகுயிக்குடைய பிறந்தநாள், அன்று அவர் படத்துக்கு மாலை போட்டுப் பொங்கல் வைக்கிறார்கள். மதம் கடந்து எல்லாரும் வைக்கிறார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்த காட்சி. வாங்கினோம் என்பதை ஒரு பள்ளத்தாக்கே வெளிப்படையாக ஒத்துக்கொள்கிறது. நான் மட்டும் என் கிணறு, என் சொட்டுநீர், என் கணக்கு என்று இருந்தேன். "என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும் இந்த ஐசுவரியத்தை எனக்குச் சம்பாதித்தது" என்று இருதயத்தில் சொல்லிக்கொள்ளாதே என்று உபாகமம் எட்டாம் அதிகாரத்தில் எழுதியிருப்பது ஊழியம் செய்கிற விவசாயிக்குத்தான் என்று நினைக்கிறேன்.

எசேக்கியேல் பதினைந்தாம் அதிகாரம் சின்னது, எட்டே வசனம். அதிகம் பேர் அதில் பிரசங்கம் பண்ணுவதில்லை. திராட்சைக் கட்டை எதற்கு உதவும் என்று ஆண்டவர் கேட்கிறார். பாத்திரம் மாட்ட ஒரு முளையாவது அதில் செய்ய முடியுமா என்கிறார். எந்தத் திராட்சைக்காரனும் இதற்கு உடனே பதில் சொல்வான். முடியாது. 2003-இல் பழைய செடியையெல்லாம் பிடுங்கிப் புதிதாக வைத்தோம். அப்பா வைத்த செடிகள், தொடை கனத்துக்குத் தண்டு. ஒரு மண்வெட்டிக்குப் பிடி போடக்கூட ஆகவில்லை. நேராக ஒரு முழம் கிடைக்காது. வேப்பமரம் செத்தாலும் கதவாகும், பனை விழுந்தாலும் உத்தரமாகும். திராட்சை செடியில் இருந்தால் பழம், வெட்டினால் அடுப்பு. நடுவில் ஒன்றுமில்லை. சீஷர்களைக் கொடிகள் என்று இயேசு சொன்னபோது, அந்த மீனவர்களுக்கும் ஆயக்காரனுக்கும் எசேக்கியேல் ஞாபகம் வந்திருக்குமா என்று யோசிப்பேன்.

இதைச் சொன்னால் எங்கள் வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி வேறு பக்கம் போய்விடுகிறான். "எல்லாம் கர்த்தர் பார்த்துக்குவாரு மாமா, மருந்தே அடிக்க வேண்டாம், விசுவாசம் போதும்" என்கிறான். அவன் அப்பா தோட்டத்தில் போன பருவம் பாதி இலை கருகியது. இதில் நான் அவனோடு ஒத்துப்போக மாட்டேன். சார்ந்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது இல்லை. கொடி சும்மாவா இருக்கிறது? இலை விடுகிறது, வெயிலைப் பிடிக்கிறது, பற்றுக்கம்பி நீட்டுகிறது. அது படாத பாடு படுகிறது, தண்டிலிருந்து வருகிற நீரை வைத்துக்கொண்டு. நான் இன்றைக்கும் ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர் என்று போர்டோ கலவை என்ற பூஞ்சை மருந்தைக் கலக்குகிறேன். கத்தியை முக்கிப் பார்த்து, செம்பு படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு போடுகிறேன். முன்பு கலக்கியதற்கும் இப்போது கலக்குவதற்கும் அளவில் வித்தியாசம் இல்லை. முன்பு மருந்து அடித்து முடித்ததும் வேலை முடிந்துவிட்டது என்று திருப்தியாக வருவேன். இப்போது முடித்த பிறகு பந்தலுக்குக் கீழேயே கொஞ்ச நேரம் நின்று கேட்கிறேன். என்னால் ஆனது இவ்வளவுதான் ஆண்டவரே, மழையை நான் பிடித்து வைக்க முடியாது என்று சொல்கிறேன். சில நாள் அதுகூட வராது. "ஆண்டவரே" என்று மட்டும் வரும்.

கவாத்துக்கு வருகிற அக்கா ஒருவர் இருக்கிறார், முப்பது வருடமாக எங்கள் தோட்டத்துக்கு வருகிறார். சின்ன வயதில் எனக்கு விளங்காத ஒன்றை அவரிடம்தான் கற்றேன். நல்ல தடித்த கொடியை நாலு கண் விட்டு வெட்டுவார். இளைத்த கொடியை ஒரு கண், இரண்டு கண் விட்டு ஒட்ட வெட்டிவிடுவார். பாவம், இளைத்ததை இன்னும் வெட்டுகிறீர்களே என்று கேட்டேன். "இதுல பழம் எடுக்கப் பாத்தா செத்துரும்யா. இந்தத் தடவை காய்க்க வேண்டாம், மொதல்ல தேறட்டும்" என்றார். 2020-க்குப் பிறகு நான் செயலாளர் பொறுப்பை விட்டேன். இரண்டு வருடம் பிரசங்கமும் பண்ணவில்லை. போதகர் ஐயா கேட்டபோது இந்தக் கவாத்துக் கதையைத்தான் சொன்னேன். அவர் புரிந்துகொண்டார். அந்த இரண்டு வருடம் பின்வரிசையில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்டேன். முதல் ஆறு மாதம், நானாக இருந்தால் இதை எப்படிச் சொல்லியிருப்பேன் என்ற யோசனையிலேயே போனது. பிறகு மெல்ல மெல்லக் காதில் விழ ஆரம்பித்தது.

தாழ்மை வந்துவிட்டது என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. போன மாதம் மறுபடியும் பிரசங்கம் பண்ணினேன். நன்றாக இருந்தது என்று ஒருவர் சொன்னார். மத்தியானச் சோற்றின்போது அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அன்றைக்கு விழுங்கிவிட்டேன். ராத்திரி ஆண்டவரிடம் அதையே சொல்லி, இன்னும் இது உள்ளே இருக்கிறது, எடுத்துப் போடும் என்று கேட்டேன். இந்த மாதிரி அன்றன்றைக்குக் கேட்டு வாங்கித்தான் காலம் போகிறது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு அன்றன்றைக்கு வானத்திலிருந்து வந்த மன்னாவைச் சேர்த்து வைத்தால் புழுத்துப்போனது போல, நேற்றைய தாழ்மை இன்றைக்கு உதவுவதில்லை.

பெரியம்மாவிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு 2021 ஆகஸ்ட் வரை ஆனது. போய் வாசலில் உட்கார்ந்து, அன்றைக்கு அப்படிச் சொன்னது தப்பு என்றேன். அவருக்கு ஞாபகம் இல்லாத மாதிரிக் காட்டிக்கொண்டார். ஞாபகம் இருந்தது என்பது கண்ணில் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தலைக்கு மேல் இருந்த கொடியைக் காட்டி, "இது யாரு வச்சது தெரியுமா" என்று கேட்டார். தெரியாது என்றேன். "உங்கப்பா. எங்க வீட்டுக்காரர் தவறின வருசம் நாலு குச்சி கொண்டாந்து ஊனி வச்சிட்டுப் போனாரு. மூணு பட்டுப்போச்சு. இது ஒண்ணு பிழைச்சுது."

அப்பா இதை வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போது பெரியம்மாவுக்கு எண்பத்து நாலு வயது. நடந்து வர முடியாது. அவர் கொடி காய்க்கிற மாதம், சனிக்கிழமை சாயங்காலம் நான் போய் வாங்கி வந்து, ரசத்தையும் நானே எடுத்துவிடுகிறேன். கண் மங்கிவிட்டதால் குலைகளைத் தடவித் தடவிப் பறித்து, மஞ்சள் பையில் போட்டு வைத்திருப்பார். போன சனிக்கிழமையும் போனேன். மூங்கில் பந்தல் ரொம்பத் தாழ்ந்துவிட்டது, நன்றாகக் குனிந்துதான் வாசலுக்குப் போக வேண்டியிருந்தது.

"எட்டுக் குலை இருக்கு. எண்ணிக்கோ" என்றார்.

எண்ணினேன். எட்டு இருந்தது.

"காய்ச்சும்போது தண்ணி ஊத்திராத. போன தடவை தண்ணியா இருந்துச்சு."

"சரி பெரியம்மா" என்றேன்.